எட்டாத சுருதி

வயலின் சொல்லிக்கொடுக்கும் நண்பர் ஒருவருக்கு ஒருநாள் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், "பையனுக்கு ஆசை நிறைய இருக்கு. சுருதிதான் சேரலை. இன்னும் ரெண்டு மாசம் சாதகம் பண்ணிட்டு வந்திருக்கலாமே, என்ன அவசரம்?" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தக் குரல் கீழே இறங்கவேண்டிய இடத்தில் தடுமாறுகிறது, ஏறவேண்டிய இடத்தில் சறுக்குகிறது. கிதார்கள் ஒன்றை ஒன்று துரத்துகின்றன, சில இடங்களில் முட்டிக்கொள்கின்றன. டிரம்ஸ் நடனக்கூடத்துக்கு உரிய தாளத்தைப் பிடிக்கப் பார்த்து, பிடித்தும் பிடிக்காமலும் ஓடுகிறது. இதையெல்லாம் நானே ஒத்துக்கொள்வேன். ஆனால் "என்ன அவசரம்?" என்ற கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. தயாராகாத ஒருவர் தன் வேலையைப் பொதுவில் வைக்கலாமா? வைத்தால் அது கேட்பவரை ஏமாற்றுவதாகுமா? கலை சம்பந்தப்பட்ட கேள்வி மாதிரி தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒழுக்கம் சார்ந்த கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது. இந்தக் கட்டுரை அதற்குப் பதில் தேடிய முயற்சி.

*

அந்தப் பாட்டு 'ஃபாலிங் அண்ட் லாஃபிங்'. விழுவதும் சிரிப்பதும் என்று தமிழில் சொல்லலாம். 1980 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலிருந்து ஏழு அங்குல இசைத்தட்டாக வெளிவந்தது. குழுவின் பெயர் ஆரஞ்சு ஜூஸ். அச்சடித்தது 963 பிரதிகள் என்பது இன்று எல்லா வரலாறுகளிலும் சொல்லப்படும் கணக்கு.

கிளாஸ்கோவை ஒட்டிய பேர்ஸ்டன் என்ற புறநகர்ப் பகுதியில் கூடிய பையன்கள் இவர்கள். பாடியதும் கிதார் வாசித்ததும் எட்வின் காலின்ஸ். இன்னொரு கிதார் ஜேம்ஸ் கிர்க், பேஸ் கிதார் டேவிட் மக்லைமாண்ட், டிரம்ஸ் ஸ்டீவன் டேலி. முதலில் 'நு-சோனிக்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது காலின்ஸிடம் இருந்த மலிவான கிதாரின் பெயர். 1979இல் அதை மாற்றி ஆரஞ்சு ஜூஸ் ஆனார்கள். தோல் ஜாக்கெட்டும் காறித்துப்பலுமாக பங்க் இசை ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பெயரே ஒரு சீண்டல்.

அவர்களோடு ஆலன் ஹார்ன் என்ற இளைஞர் சேர்ந்தார். மேற்கு பிரின்சஸ் தெருவில் 185ஆம் எண் வீட்டில் இருந்த அவருடைய குடியிருப்புதான் 'போஸ்ட்கார்ட் ரெக்கார்ட்ஸ்' நிறுவனத்தின் தலைமையகம், கிளை அலுவலகம், கிடங்கு எல்லாம். நிறுவனத்தின் சின்னம் டிரம் வாசிக்கும் ஒரு பூனை, பூனைகளை வரைவதற்கென்றே பெயர்போன லூயி வெயினின் ஓவியத்திலிருந்து எடுத்தது. முழக்கம் 'இளைய ஸ்காட்லாந்தின் ஒலி'. இதைக் கேட்ட உடனே இசை தெரிந்தவர்கள் சிரித்திருப்பார்கள். டெட்ராய்ட்டின் மோட்டௌன் நிறுவனம் தன்னை 'இளைய அமெரிக்காவின் ஒலி' என்று அழைத்துக்கொண்டது. அமெரிக்கப் பாப் இசையின் பெரிய தொழிற்சாலைகளில் ஒன்று அது. அதன் முழக்கத்தை, கைவசம் ஒரு குழுவும் ஒரு வாடகை வீடும் மட்டுமே உள்ள ஒருவர் தூக்கி மாட்டிக்கொள்கிறார். பாதி கேலி. மீதிப் பாதி கேலியே இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் கிளாஸ்கோவுக்குத் தெற்கே ஸ்ட்ராத்தேவன் என்ற சிறிய ஊரில் இருந்த ஒரு சின்ன ஒலிப்பதிவுக்கூடத்தில் பாட்டைப் பதிந்தார்கள். பின்பக்கத்துக்கு 'மாஸ்கோ ஒலிம்பிக்ஸ்', 'மாஸ்கோ' என்று இரண்டு துண்டுகள். தட்டு வந்ததும் உறையை மடித்து அதற்குள் போட்டதும் அவர்களே. பிறகு பிரதிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு லண்டன் வரை போய், சிறு நிறுவனங்களின் இசைத்தட்டுகளை வாங்கி விற்ற ரஃப் டிரேட் கடைக்காரர்களிடம் கொடுத்தார்கள். இவ்வளவுதான் கதை. பெரிய முதலாளி, தேர்வுக்குழு, குரல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கும் மேஜை எதுவுமே இதில் கிடையாது.

*

அப்படியானால் இவர்களுக்கு யார் அனுமதி கொடுத்தது? கிளாஸ்கோவுக்கு மூன்று வருடம் முன்னால், மான்செஸ்டரில் இதற்கு விடை தயாராகியிருந்தது.

1976 டிசம்பர் 28ஆம் தேதி பஸ்காக்ஸ் என்ற குழு நான்கு பாட்டுகளைப் பதிந்தது. குடும்பத்தினரிடமும் நண்பர்களிடமும் கடன் வாங்கிய 500 பவுண்டு. முதலில் அச்சடித்தது 1000 பிரதிகள். 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' என்ற பெயரில் 1977 ஜனவரி கடைசியில் வெளிவந்த அந்தத் தட்டின் உறையில் ஒரு விசேஷம் உண்டு. ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முறை வாசித்தபோது பதியப்பட்டது, மேலே பிறகு என்ன சேர்க்கப்பட்டது என்று அச்சிட்டிருந்தார்கள். பெரும்பாலும் முதல் முறை வாசித்ததே. அதே 1977இல் டெஸ்பரேட் பைசைக்கிள்ஸ் என்ற குழு 153 பவுண்டில் ஒரு தட்டு போட்டு, ஆன செலவைக் கேட்பவர்களிடம் வெளிப்படையாகச் சொன்னது. 1978இல் ஸ்கிரிட்டி பொலிட்டி குழு, ஒலிப்பதிவுக்கு இவ்வளவு, அச்சடிக்க இவ்வளவு என்று செலவுக் கணக்கை உறையிலேயே போட்டுவிட்டது.

என் நண்பரின் கேள்விக்குப் பதிலின் முதல் பாதி இங்கே கிடைக்கிறது. ஏமாற்றுதல் என்றால் இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. இந்த உறைகள் செய்வது அதற்கு நேர்மாறு. 'நாங்கள் ஒரே தடவைதான் வாசித்தோம், இவ்வளவுதான் செலவு செய்தோம், இதுதான் வந்தது' என்று சொல்லிவிட்டுத்தான் விற்கிறார்கள். சுருதி சேராததைக் கேட்டு வருத்தப்படலாம், ஏமாந்துவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

பாதி கற்ற மருத்துவர் கத்தியைக் கையில் எடுத்தால் சாவது நோயாளி. ஓட்டத் தெரியாதவர் பஸ் ஓட்டினால் உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்து. அங்கெல்லாம் தகுதி வந்த பிறகுதான் அனுமதி. மாற்றுக் கருத்தே கிடையாது. பாட்டில் அப்படி இல்லை. சரியாக வராத பாட்டால் கேட்பவருக்கு நஷ்டம் சில நிமிடங்கள், கொஞ்சம் சில்லறை. பாடியவருக்கோ மானம் போகிறது. ஆபத்து முழுக்கச் செய்பவர் தலையில் விழும் வேலைகளில், தயாரா இல்லையா என்று முடிவெடுக்கும் உரிமையும் அவரிடமே இருப்பதுதான் நியாயம்.

அந்த மான ஆபத்து இந்தப் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒருதலைக் காதலில் விழுந்தவன் வேறு வழியில்லாமல் சிரித்து வைக்கிறான், அதுதான் பொருள். காலின்ஸுக்கு அப்போது 20 வயது. கூச்சத்தை மறைக்கச் சிரிக்கிற ஒருவனின் பாட்டை, தேர்ந்த பாடகர் ஒருவர் ஒரு பிசிறில்லாமல் பாடினால் என்னவாகும் என்று யோசித்துப்பாருங்கள். வார்த்தை ஒன்று சொல்லும், குரல் இன்னொன்று சொல்லும். ரெண்டு மாசம் கழித்து வந்திருந்தால் சுருதி சேர்ந்திருக்கலாம். அந்தக் கூச்சம் அவ்வளவு நாள் காத்திருக்குமா?

*

ஆனால் இதை இப்படியே விட்டுவிட்டால், குறையே பெருமை என்று ஆகிவிடும். அங்கேதான் எனக்கு உறுத்துகிறது.

பேர்ஸ்டன் வசதியானவர்கள் வாழும் பகுதி. தவறி விழுந்தாலும் தாங்கிப்பிடிக்க ஏதோ ஒன்று கீழே இருப்பவர்களால்தான் விழுந்து சிரிக்க முடியும் என்று ஒருவர் சொன்னால், என்னால் உடனே மறுக்க முடியாது. அதே கிளாஸ்கோவில் தொழிலாளர் மன்றங்களிலும் கல்யாணங்களிலும் வாசித்துப் பிழைத்தவர்களுக்குச் சுருதி விலகும் சலுகை கிடையாது. விலகினால் அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்கள். அவர்கள் வருடக்கணக்கில் கட்டிய திறமையை, 'நேர்மை' என்ற ஒரே சொல்லால் இந்தப் பையன்கள் தாண்டிப்போய்விடுவது அநியாயமாகத் தோன்றலாம். திறமை இல்லாததை நேர்மைக்கு அடையாளமாக ஆக்கினால், திறமை உள்ளவரெல்லாம் பொய்யர் என்றாகிவிடும். இதை ஒரு கணமும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

ஆரஞ்சு ஜூஸ் அப்படிச் சொல்லவும் இல்லை. கவனித்துக் கேட்டால் அவர்கள் எதைப் பிடிக்க ஓடுகிறார்கள் என்று தெரியும். ஒரு பக்கம் நியூயார்க்கின் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் கரடுமுரடான கிதார். இன்னொரு பக்கம் டிஸ்கோ மேதைகளான ஷிக் குழு. நைல் ராட்ஜர்ஸின் கிதாரும் பெர்னார்ட் எட்வர்ட்ஸின் பேஸும் கடிகாரம் மாதிரி, ஆனால் உயிருள்ள கடிகாரம் மாதிரி ஓடும். அவ்வளவு துல்லியத்துக்கு ஆசைப்பட்டுத்தான் இந்தப் பையன்கள் கை நீட்டினார்கள். கை எட்டவில்லை. எட்டாமல் போன தூரம்தான் நாம் கேட்கிற பாட்டு. திறமையை அவர்கள் இகழவில்லை, அதன் மேல் அவர்களுக்குக் கொள்ளை ஆசை. ஹார்னும் மூலையில் உட்கார்ந்து சிறுமையைக் கொண்டாட நினைத்தவர் இல்லை. தன் குழு பாப் தரவரிசையில் ஏறவேண்டும் என்றுதான் துடித்தார்.

ஆசை போய்க் குறை மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதையும் பின்னால் பார்த்தோம். 1986இல் என்எம்ஈ இசை வார இதழ் 'சி86' என்ற ஒலிநாடாவை வெளியிட்டது. 22 குழுக்கள், 22 பாட்டுகள். அருமையான பாட்டுகள் அதில் உண்டு. ஆனால் அந்த வகை இசைக்கே தள்ளாட்டம் என்று பொருள்படும் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. ஆறு வருடம் முன்னால் தற்செயலாக நடந்த தடுமாற்றம், இப்போது பழகிச் செய்யும் பாணியாகிவிட்டது. வேண்டுமென்றே விழுபவரைப் பார்த்தால் நமக்கு ஏன் எரிச்சல் வருகிறது? அவர் எதையும் எட்டிப்பிடிக்கப் போய் விழவில்லை என்பது நமக்குத் தெரிந்துவிடுவதால்.

போஸ்ட்கார்டுக்குள்ளேயே இந்தச் சிக்கல் ஒருமுறை நடந்தது. அவர்களுடைய இன்னொரு குழுவான ஜோசப் கே, முதல் முழுத்தட்டைப் பதிந்து முடித்துவிட்டு, ரொம்ப வழவழப்பாக இருக்கிறது என்று கிடப்பில் போட்டது. பிறகு பிரஸ்ஸல்ஸுக்குப் போய்க் கரடுமுரடாகப் புதிதாகப் பதிந்து 1981இல் வெளியிட்டது. கிடப்பில் போட்டது பின்னாளில் வெளிவந்தது. இரண்டையும் கேட்டால் அந்த முடிவு அவ்வளவு நேரானதாக எனக்குத் தோன்றவில்லை. செய்ய முடிந்ததை மறைத்து, முடியாத மாதிரி காட்டுவது. ஏமாற்று என்ற சொல் பொருந்துமென்றால் அது இங்கே கொஞ்சம் பொருந்தும்.

*

ஆரஞ்சு ஜூஸுக்கு நேர் எதிரான சோதனை வந்தது. பாலிடார் என்ற பெரிய நிறுவனத்துக்குப் போனார்கள். 1982இல் வந்த முதல் முழுத்தட்டில் ஆடம் கிட்ரன் தயாரிப்பாளர். பித்தளை ஊதுகருவிகள், பின்னணிக் குரல்கள் எல்லாம் சேர்ந்தன. முதல் பாட்டாக அதே 'ஃபாலிங் அண்ட் லாஃபிங்', புதிதாகப் பதியப்பட்டு. நண்பர் கேட்ட ரெண்டு மாசம் இரண்டு வருடமாகவே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பழைய ரசிகர்களில் பலர் அதைத் துரோகம் மாதிரி பேசுவார்கள். எனக்கு அந்தக் கோபம் புரிகிறது, ஆனால் சேர்ந்துகொள்ள முடியவில்லை. குரலில் தெம்பு வந்திருக்கிறது. தாளம் ஓரளவு நேராகியிருக்கிறது. அவர்கள் முதலிலேயே ஆசைப்பட்டது இதற்குத்தான், அதை அடைவதை எப்படிக் குற்றம் என்பது? ஆனால் ஒன்று நடந்திருக்கிறது. முதல் தட்டில் பாட்டுக்கும் பாடுபவனுக்கும் நடுவே இருந்த தூரத்தை இதில் காணோம். கேட்பவர் தன் மனதால் இட்டு நிரப்பவேண்டிய இடத்தை ஊதுகருவிகள் நிரப்பிவிட்டன. நல்ல பாட்டு. அதில் எனக்கு வேலை குறைவு.

அதற்கடுத்த வருடம் 'ரிப் இட் அப்' பிரிட்டிஷ் தரவரிசையில் 8ஆம் இடம்வரை ஏறியது. அந்தப் பாட்டின் நடுவில் காலின்ஸ் பஸ்காக்ஸின் 'போர்டம்' பாட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். உடனே இரண்டே சுரத்தில் ஓடும் ஒரு கிதார் வருகிறது. 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' தட்டில் பீட் ஷெல்லி வாசித்த, உலகத்திலேயே எளிமையான கிதார்த் தனி அது. எங்கிருந்து அனுமதி கிடைத்தது என்பதை, ஜெயித்த இடத்தில் நின்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார். நன்றி என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன இடங்கள் அதிகம் இல்லை. 1985இல் குழு கலைந்தது. பத்து வருடம் கழித்து 'எ கேர்ள் லைக் யூ' என்ற தனிப்பாட்டு காலின்ஸைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது.

*

2005 பிப்ரவரியில் எட்வின் காலின்ஸுக்கு மூளையில் இருமுறை இரத்தக்கசிவு ஏற்பட்டது. அப்போது வயது 45. பல மாதங்கள் மருத்துவமனையில் இருந்தார். வலப்பக்கம் செயலிழந்தது. பேச்சு போய்விட்டது. நான்கே நான்கு சொற்கோவைகள் மிஞ்சின: 'ஆமாம்', 'இல்லை', மனைவியின் பெயரான 'கிரேஸ் மேக்ஸ்வெல்', பிறகு 'சாத்தியங்கள் முடிவற்றவை'. கடைசி வாக்கியம் எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று தெரியாது. எதைக் கேட்டாலும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். 2014இல் அவரைப் பற்றி வந்த ஆவணப்படத்துக்கு அதுதான் பெயர். கிரேஸ் 2009இல் எழுதிய புத்தகத்துக்கோ 'ஃபாலிங் அண்ட் லாஃபிங்' என்று அந்த முதல் பாட்டின் பெயரையே வைத்தார்.

இங்கே என் வாதம் மொத்தமும் திரும்பச் சோதனைக்கு வருகிறது. 20 வயதில் எட்டாமல் போனது ஓர் அழகு என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். 45 வயதில், ஒருகாலத்தில் எட்டியதெல்லாம் கையைவிட்டுப் போனவரிடம் போய் 'குறை அழகு' என்று சொல்ல முடியுமா? சொன்னால் அது கொடுமை. அவருக்கு வேண்டியது குறை இல்லை. ஒரு சொல் வேண்டும், ஒரு சுரம் வேண்டும்.

அவர் செய்ததைப் பாருங்கள். இளவயதில் கிளாஸ்கோ பூங்காத் துறைக்குப் படம் வரைந்துகொடுத்தவர் அவர். நோய்க்குப் பிறகு இடக்கையால் பென்சிலைப் பிடித்து ஒரு வாத்தை வரைந்தார். ஆங்கிலத்தில் விஜன் என்பார்கள், நம் பறவை நூல்களில் நாமத்தலை வாத்து. ஆரம்பத்தில் குழந்தை கிறுக்கியது மாதிரிதான் வந்தது. மறுநாளும் அதே வாத்து. அதற்கடுத்த நாளும். கோடு மெல்ல மெல்ல அவர் சொன்னபடி கேட்க ஆரம்பித்தது. கிதாரில் இடக்கையால் சுரக்கட்டைப் பிடிப்பார், வலக்கையின் வேலையைக் கிரேஸ் செய்வார். 2010இல் 'லூசிங் ஸ்லீப்' என்ற புதிய தட்டு வந்தது. அதில் கிதார் வாசித்தவர்களில் ராடி ஃபிரேம் ஒருவர். பதின்வயதில் போஸ்ட்கார்டில் முதல் தட்டு போட்ட ஆஸ்டெக் கேமரா குழுவின் பையன் அவர். முப்பது வருடம் கழித்துத் தோழனுக்குக் கையாக வந்து உட்கார்ந்தார்.

அந்தத் தட்டில் காலின்ஸின் வரிகள் குட்டையானவை. பழைய சொல்விளையாட்டு இல்லை, கிடைத்த சொல்லை வைத்து நேராகப் பேசுகிறார். முழுசாகக் குணமான பிறகு பாடலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் அந்த நாள் வந்திருக்குமா என்பதும் சந்தேகம். எழுதி முடித்துவிட்டு 'இன்னும் கொஞ்சம் திருத்தணும்' என்று வருடக்கணக்கில் வெளியே விடாமல் வைத்திருக்கும் பக்கங்கள் எனக்கும் உண்டு. அதைப் பொறுப்பு என்றுதான் இத்தனை நாள் சொல்லிவந்தேன். பயம் என்ற சொல்லும் அந்த இடத்தில் பொருந்துகிறது என்பதை இந்த மனிதரைப் படித்தபிறகு மறைக்க முடியவில்லை.

போன மாதம் வயலின் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். 1980 தட்டைப் பற்றிய என் வாதத்தை மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். வாத்துக் கதை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தினம் அதே வாத்தா?"

"தினம் அதேதான்."

"அப்புறம் என்ன, சாதகம்னு நான் சொன்னது இதைத்தானே."

அவர் சொன்னதும் எனக்கு உறைத்தது. நான் இவ்வளவு நேரம் சாதகம் ஒரு பக்கம், வெளியே வைக்கும் துணிச்சல் இன்னொரு பக்கம் என்று எதிரெதிராகப் பிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன். காலின்ஸ் இரண்டையும் சேர்த்துத்தான் செய்தார். பழகிக்கொண்டே வெளியிட்டார், வெளியிட்டபடியே பழகினார். 20 வயதிலும் அப்படித்தான். 963 தட்டுகள் போட்ட பிறகுதான் 'ரிப் இட் அப்' வந்தது.

"சரி, அந்த முதல் பாட்டை இன்னொரு தடவை போடுங்க" என்றார் நண்பர். போட்டேன். குரல் சறுக்கும் இடம் வந்ததும் முகத்தைச் சுளித்தார். பழக்கம், என்ன செய்வது. ஆனால் இந்தத் தடவை ரெண்டு மாசம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.